தண்டவாளத்துக்கு முன் ஓர் உடன்படிக்கை: போர்ட்லண்ட் டிராம் பாதையின் வரலாறு

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலுள்ள போர்ட்லண்ட் நகரில் 2001 ஜூலை 20 அன்று ஒரு டிராம் பாதை திறக்கப்பட்டது. அதன் நீளம் 2.4 மைல், அதாவது ஏறத்தாழ 3.9 கிலோமீட்டர். நகரின் வடமேற்கிலுள்ள ஒரு மருத்துவமனையில் தொடங்கி, கைவிடப்பட்ட சரக்கு ரயில் முற்றம் ஒன்றை ஒட்டிச் சென்று, வணிக மையத்தைக் கடந்து, தெற்கே போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அது முடிந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நவீன வண்டிகளைக் கொண்டு அமெரிக்காவில் புதிதாக அமைக்கப்பட்ட முதல் தெரு டிராம் அமைப்பு இதுவே. நீளத்தில் மிகச் சிறிய இப்பாதை, அடுத்த இருபது ஆண்டுகளில் அந்நாட்டின் பல நகரங்கள் பின்பற்ற முயன்ற முன்மாதிரியாயிற்று.

இப்பாதையின் வரலாறு பெரும்பாலும் போக்குவரத்து வரலாறாகவே எழுதப்படுகிறது. எத்தனை பயணிகள் ஏறினர், வண்டி எவ்வளவு வேகத்தில் சென்றது, பேருந்தைவிட அது மேலானதா என்பவையே வழக்கமான கேள்விகள். ஆனால் இப்பாதையின் பிறப்பை விளங்கிக்கொள்ள உதவும் ஆவணம் கால அட்டவணையோ பொறியியல் வரைபடமோ அன்று. 1997இல் நகர நிர்வாகத்துக்கும் ஒரு நில மேம்பாட்டு நிறுவனத்துக்கும் இடையே கையெழுத்தான உடன்படிக்கையே அந்த ஆவணம். அதில் டிராம் ஒரு நிபந்தனையாக இடம்பெற்றது. அந்த நிபந்தனையின் மறுபக்கத்தில் நின்றது நிலம். போர்ட்லண்டின் டிராமை நிலத்தின் வரலாறாக வாசித்தால்தான் அதன் வெற்றியும் தோல்வியும் சரியான அளவில் தெரியும்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். பிரிட்டனிலும் இந்தியாவிலும் டிராம் எனப்படுவதை அமெரிக்கர் ஸ்ட்ரீட்கார் என்பர். 1970களில் அங்கே இலகு ரயில் என்னும் புதிய சொல் புழக்கத்துக்கு வந்தது. தனித்தடத்தில், நீண்ட தொடர்களாக, புறநகரையும் நகரையும் இணைத்து ஓடும் மின்ரயிலைக் குறிக்க அது பயன்பட்டது. பழைய, இழிவாகக் கருதப்பட்ட ஸ்ட்ரீட்காரிலிருந்து புதிய திட்டங்களை விலக்கிக் காட்டவும் அச்சொல் உதவியது. 1990களில் போர்ட்லண்ட் திட்டக்காரர்கள் ஸ்ட்ரீட்கார் என்ற பழைய சொல்லையே மீட்டெடுத்து, அதன் முன் 'நவீன' என்ற அடையைச் சேர்த்தனர். பெயர் மாற்றத்தோடு பொருளும் மாறியது. இலகு ரயிலின் நோக்கம் தொலைவைக் கடப்பது. நவீன ஸ்ட்ரீட்காரின் நோக்கமோ நகர மையத்துக்குள் குறுகிய தூரம் சென்று, தான் கடக்கும் தெருக்களின் தன்மையை மாற்றுவது.

இந்நோக்கம் முற்றிலும் புதியது என்று கூறிவிட முடியாது. போர்ட்லண்டில் குதிரைகள் இழுத்த முதல் டிராம் 1872இல் ஓடியது. 1889இல் முதல் மின்சார டிராம், வில்லாமெட் ஆற்றின் குறுக்கே முந்திய ஆண்டு கட்டப்பட்டிருந்த எஃகுப் பாலத்தின் வழியாகக் கிழக்குக் கரையிலிருந்த அல்பைனா என்னும் ஊருக்குச் சென்றது. அல்பைனா அன்று தனி ஊராட்சி. 1891இல்தான் அது போர்ட்லண்டோடு இணைந்தது. அக்காலத்தில் அமெரிக்க நகரங்களில் டிராம் பாதை அமைத்தவரும் மனை விற்றவரும் பல இடங்களில் ஒருவராகவோ கூட்டாளிகளாகவோ இருந்தனர். நகருக்கு வெளியே மலிவாக நிலம் வாங்கி, அதற்குத் தண்டவாளம் போட்டு, மனைகளாகப் பிரித்து விற்பதே வணிகமுறை. பயணச்சீட்டு வருமானம் அதில் துணை வருமானமாக மட்டுமே இருந்தது. போர்ட்லண்டின் கிழக்குக் கரைக் குடியிருப்புகளும் மேற்குக் குன்றுகளின் மீதான குடியிருப்புகளும் இவ்வாறு டிராமைத் தொடர்ந்து வளர்ந்தவையே.

இம்முறைக்குள் ஒரு பலவீனம் பொதிந்திருந்தது. மனைகள் விற்றுத் தீர்ந்ததும் நிறுவனத்தின் கையில் மிஞ்சியது தேய்ந்துகொண்டிருக்கும் தண்டவாளமும் உயர்த்த முடியாத கட்டணமும்தான். பெரும்பாலான நகரங்களில் கட்டணம் உரிமப் பத்திரங்களால் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. தண்டவாளத்தை ஒட்டிய சாலைப்பரப்பைப் பராமரிக்கும் கடமையும் நிறுவனத்தையே சார்ந்தது. அந்தப் பரப்பில் இலவசமாக ஓடிய மோட்டார் வண்டிகளே டிராமைத் தாமதப்படுத்தின. நிலத்தில் கிடைத்த இலாபம் முதல் தலைமுறையோடு வெளியேறிவிட்டது. அதில் ஒரு பங்கைப் பாதையின் எதிர்காலப் பராமரிப்புக்கென ஒதுக்கும் ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. போர்ட்லண்டின் கடைசி நகர டிராம் தடங்கள் 1950 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டன. ஓரிகன் சிட்டி முதலிய ஊர்களுக்குச் சென்ற புறநகர் மின்வண்டிகளின் பயணிகள் சேவையும் 1958 ஜனவரியில் முடிவுற்றது.

அடுத்த பதினைந்து ஆண்டுகள் விரைவுச்சாலைகளின் காலம். அதன் திருப்பம் 1970களின் தொடக்கத்தில் வந்தது. 1972இல் நகர மையத்துக்கான புதிய திட்டம் வகுக்கப்பட்டது. வில்லாமெட்டின் மேற்குக் கரையை மறித்து ஓடிய ஹார்பர் டிரைவ் என்னும் நெடுஞ்சாலை 1974இல் மூடப்பட்டு, அவ்விடம் பூங்காவாக மாற்றப்பட்டது. அதே ஆண்டு, தென்கிழக்குப் பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை இடித்து அமையவிருந்த மவுன்ட் ஹூட் விரைவுச்சாலைத் திட்டத்தை நகரமன்றம் கைவிட்டது. அதற்கென ஒதுக்கப்பட்ட கூட்டாட்சி நிதியின் ஒரு பகுதி பொதுப் போக்குவரத்துக்குத் திருப்பப்பட்டது. போர்ட்லண்டையும் கிரெஷாம் நகரையும் இணைக்கும் 15 மைல் நீள இலகு ரயில் 1986 செப்டம்பரில் திறக்கப்பட்டதன் பின்னணி இதுவே. தண்டவாளத்தின் மீதான நம்பிக்கை நகரின் அரசியலுக்குள் மீண்டும் நுழைந்தது.

இலகு ரயில் வணிக மையத்துக்குப் புத்துயிர் தந்தது. ஆயினும் மையத்தின் வடக்கே, யூனியன் ரயில் நிலையத்தை அடுத்து, சரக்கு ரயில் முற்றங்களும் கிடங்குகளும் ஏறக்குறையப் பயனற்றுக் கிடந்தன. பழைய கிடங்குகளில் ஓவியர்களும் சிறு கலைக்கூடங்களும் குடியேறியிருந்தனர். அப்பகுதி பின்னர் பேர்ள் வட்டாரம் எனப் பெயர் பெற்றது. நகர மையத்தில் மக்கள் குடியிருந்தால்தான் மையம் உயிரோடிருக்கும், புறநகர் விரிவையும் கட்டுப்படுத்த முடியும் என்பது திட்டக்காரர்களின் கருத்து. ஓரிகன் மாநிலச் சட்டம் ஒவ்வொரு நகரைச் சுற்றியும் ஓர் எல்லைக்கோடு வரைந்து, அதற்கப்பால் நகர்மயமாக்கலைத் தடுத்திருந்ததால், உள்ளே காலியாகக் கிடந்த நிலத்தின் முக்கியத்துவம் கூடியது. 1980களின் பிற்பகுதியில் வடமேற்குக் குடியிருப்புகளையும் மையத்தையும் டிராமால் இணைக்கும் யோசனை எழுந்தது. தொடக்கத்தில் பழங்கால வண்டிகளின் நகல்களை ஓட்டலாம் என்ற எண்ணமும் இருந்தது. அத்தகைய நகல் வண்டிகள் 1991 முதல் இலகு ரயில் தடத்தில் காட்சிப் பொருள்போல் ஓடிக்கொண்டிருந்தன. அன்றாடப் பயணத்துக்கு நவீன வண்டியே வேண்டும் என்ற முடிவு பின்னர் எடுக்கப்பட்டது. 1995இல் திட்டத்தை முன்னெடுக்க இலாப நோக்கற்ற நிறுவனம் ஒன்று உருவானது. நகரமன்ற உறுப்பினராயிருந்த சார்லி ஹேல்ஸ் அரசியல் அரங்கில் அதன் முதன்மை ஆதரவாளரானார்.

1997 உடன்படிக்கையின் களம் இதுவே. முப்பது ஏக்கருக்கும் மேற்பட்ட ரயில் முற்ற நிலம் ஹாய்ட் ஸ்ட்ரீட் பிராப்பர்ட்டீஸ் என்னும் நிறுவனத்தின் கையில் இருந்தது. அங்கே அடர்த்தியான குடியிருப்பு வேண்டும் என்பது நகரின் விருப்பம். சந்தை அதைத் தாங்குமா என்பது நிறுவனத்தின் ஐயம். இரண்டுக்கும் இடையே எட்டப்பட்ட இணக்கம் எண்களால் ஆனது. நிறுவனம் கட்டவேண்டிய குறைந்தபட்ச அடர்த்தி தொடக்கத்தில் ஏக்கருக்கு 15 வீடுகள். நிலத்தின் மேலாகச் சென்ற லவ்ஜாய் மேம்பாலத்தை நகரம் அகற்றினால் அது 87 ஆக உயரும். டிராம் பாதையின் கட்டுமானம் தொடங்கினால் 109. முதல் பூங்கா அமைந்தால் 131.

இந்த நான்கு எண்களின் அமைப்பு கவனிக்கத்தக்கது. பொதுப்பணம் செலவாகும் ஒவ்வொரு படிக்கும் எதிராக, தனியார் நிலத்தின் மீது ஒரு கடமை உயர்கிறது. வழக்கமான நகர் திட்டமிடலில் அரசு முதலில் சாலை போடும், ரயில் விடும். நிலத்தின் விலை உயரும். உரிமையாளர் விரும்பினால் கட்டுவார், விரும்பாவிடில் விலை மேலும் ஏறும்வரை காத்திருப்பார். இங்கே அந்தக் காத்திருப்புக்கான இடம் குறைக்கப்பட்டது. டிராம் வந்தபின் குறைந்த அடர்த்தியில் கட்டும் உரிமை உரிமையாளருக்கு இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் டிராம் முதலாளி தம் நிலத்துக்குத் தாமே தண்டவாளம் போட்டார். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் பொதுமக்கள் போடும் தண்டவாளத்துக்கு ஈடாக நிலத்திடமிருந்து ஓர் உறுதிமொழி பெறப்பட்டது. பழைய கூட்டின் இரு பாதிகளும் பிரிக்கப்பட்டு, ஒப்பந்தத்தின் மூலம் மீண்டும் சேர்க்கப்பட்டன என்று இதை விவரிக்கலாம்.

முதல் படி 1999இல் நிறைவேறியது. பிராட்வே பாலத்தின் மேற்கு முனையிலிருந்து ரயில் முற்றத்தின் மேலாக மோட்டார் வண்டிகளை இறக்கிவிட்ட லவ்ஜாய் மேம்பாலம் இடிக்கப்பட்டது. அதன் கான்கிரீட் தூண்களில் சில, ஓவியங்களைத் தாங்கியிருந்தன. ரயில்வேயில் பணியாற்றிய கிரேக்கக் குடியேறி டாம் ஸ்டெஃபோபுலோஸ், 1940களின் இறுதியில் தொடங்கிச் சில ஆண்டுகள் தம் வேலையின் இடைவேளைகளில் சுண்ணக்கட்டியாலும் வண்ணத்தாலும் தீட்டியவை அவை. கிரேக்கப் புராண உருவங்களும் பறவைகளும் மரங்களும் அவற்றில் இருந்தன. கலை ஆர்வலர்கள் போராடிச் சில தூண்களைக் காப்பாற்றினர். அவற்றுள் இரண்டு பின்னாளில் அதே வட்டாரத்தின் புதிய அடுக்ககம் ஒன்றின் அருகே நிறுவப்பட்டன. ரயில் முற்றத்தின் உழைப்புலகத்துக்கு அவ்வட்டாரத்தில் எஞ்சிய அடையாளங்களுள் ஒன்றாக அவை நிற்கின்றன.

பாதையைக் கட்டிய முறையிலும் நிலம் சார்ந்த கணக்கே முன்னின்றது. தெருவைத் தோண்டி டிராம் போடும்போது பெருஞ்செலவு வைப்பது தண்டவாளமன்று, அதன் கீழே செல்லும் குடிநீர், கழிவுநீர், எரிவாயுக் குழாய்களை இடம்மாற்றுவதே. போர்ட்லண்ட் பொறியாளர்கள் வெறும் 12 அங்குல ஆழமும் 8 அடி அகலமும் கொண்ட கான்கிரீட் பலகையில் தண்டவாளத்தைப் பதித்தனர். எனவே குழாய்களில் பெரும்பாலானவற்றைத் தொடவேண்டியதில்லை. சில தெருக்கட்டங்களை எடுத்துக்கொண்டு, சில வாரங்களில் முடித்து, அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தனர். கடைகள் நீண்டகாலம் மூடிக்கிடக்கும் நிலை தவிர்க்கப்பட்டது. இந்த மெல்லிய பலகை தாங்குவதற்கு வண்டியும் இலேசாக இருக்கவேண்டும். சாதாரண தெருத்தடத்தில் மற்ற வாகனங்களோடு செல்லக்கூடிய அளவுக்குக் குறுகலாகவும் இருக்கவேண்டும்.

அத்தகைய வண்டி அமெரிக்காவில் கிடைக்கவில்லை. அந்நாட்டில் தெரு டிராம் உற்பத்தி 1950களின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. அதைச் செய்யத் தெரிந்தவர்கள், டிராமைக் கைவிடாத நாடுகளில் இருந்தனர். செக் குடியரசின் பில்சென் நகரிலிருந்த ஸ்கோடா தொழிற்சாலையில் போர்ட்லண்டின் முதல் வண்டிகள் உருவாயின. ஏறத்தாழ 20 மீட்டர் நீளம், 2.46 மீட்டர் அகலம், நடுப்பகுதியில் தாழ்தளம் கொண்ட இவ்வண்டிகளில் சக்கர நாற்காலியோடும் குழந்தை வண்டியோடும் படியின்றி ஏறலாம். சோவியத் அணியின் நாடுகளில் கார் எளிதில் கிடைக்காததாலும் டிராம் மீதான அரசு முதலீடு தொடர்ந்ததாலும் உயிர்பிழைத்த ஒரு தொழில்நுட்பம், பனிப்போர் முடிந்த பத்தாண்டுகளுக்குள் அமெரிக்க நகர மையமொன்றின் மறுசீரமைப்புக்குக் கருவியாயிற்று. உள்நாட்டில் மீண்டும் உற்பத்தி செய்யும் முயற்சியும் பின்னர் நடந்தது. ஓரிகனிலுள்ள ஒரு இரும்பாலை, செக் வடிவமைப்பின் உரிமம் பெற்று, யுனைட்டெட் ஸ்ட்ரீட்கார் என்ற பெயரில் 2009இல் முதல் மாதிரி வண்டியை வெளியிட்டது. அதன் வண்டிகள் போர்ட்லண்டுக்கும் டூசான், வாஷிங்டன் நகரங்களுக்கும் சென்றன. ஆனால் தாமதங்கள் மலிந்தன, ஆணைகள் போதவில்லை. சில ஆண்டுகளில் உற்பத்தி நின்றது. ஐம்பதாண்டுகள் அறுந்துபோன கைத்திறனை ஒரு சில ஆணைகளால் மீட்டுவிட முடியவில்லை.

முதல் பாதைக்கு ஆன செலவு ஏறத்தாழ 57 மில்லியன் டாலர். கூட்டாட்சி அரசின் பங்கு அதில் மிகச் சிறியது. தொகையில் பாதி, அதாவது 28.6 மில்லியன் டாலர், நகருக்குச் சொந்தமான வாகன நிறுத்தகங்களின் வருமானத்தை ஈடுகாட்டி வெளியிட்ட கடன் பத்திரங்களால் திரட்டப்பட்டது. அதற்காக நிறுத்தகக் கட்டணம் உயர்த்தப்பட்டது. காரில் வருவோர் செலுத்தும் பணம் டிராமுக்குச் சென்றது. பாதையை ஒட்டிய சொத்துரிமையாளர்கள் தங்களுக்குள் ஒரு சிறப்பு வரி வட்டாரத்தை ஏற்றுக்கொண்டு 9.6 மில்லியன் டாலர் அளித்தனர். மறுசீரமைப்பு வட்டாரத்தில் எதிர்காலத்தில் உயரப்போகும் சொத்து வரியை முன்கூட்டியே கடனாக்கும் முறையில் மற்றொரு பகுதி வந்தது. பாதையின் உரிமை பிராந்தியப் போக்குவரத்து முகமையிடம் செல்லாமல் நகரிடமே இருந்தது. முகமையின் ஓட்டுநர்கள் வண்டியை இயக்கினர். போக்குவரத்து முகமை பயணியை எண்ணும், நகர நிர்வாகமோ சொத்து வரியையும் எண்ணும். பாதை யாருக்குச் சொந்தம் என்பதே அதன் முதன்மை நோக்கத்தை உணர்த்துகிறது.

பயணிகளும் வந்தனர். நகர மையத்தின் கட்டணமில்லா வட்டாரத்துக்குள் பாதையின் பெரும்பகுதி அமைந்திருந்தது அதற்கு ஒரு காரணம். அந்தச் சலுகை 2012இல் முடிவுக்கு வந்தது. முதல் பத்தாண்டு முடியும் முன்பே வேலைநாள் பயணங்கள் பத்தாயிரத்தைக் கடந்தன. பாதை 2005இல் ஆற்றங்கரைக்கும், 2006இலும் 2007இலும் தெற்கே பழைய கப்பல்துறைத் தொழில் நிலமாயிருந்த சவுத் வாட்டர்ஃபிரன்ட் பகுதிக்கும் நீண்டது. அங்கும் அதே சூத்திரம்தான்: கைவிடப்பட்ட தொழில் நிலம், மருத்துவப் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கம், அடுக்ககங்கள், டிராம். 2008இன் நிதி நெருக்கடி அவ்வடுக்ககங்களின் விற்பனையைக் கடுமையாகத் தாக்கியது. தண்டவாளம் நிலத்தைத் தயார்ப்படுத்தலாம், ஆனால் கடன் சந்தையின் போக்கை அது தீர்மானிப்பதில்லை என்பது அப்போது வெளிப்பட்டது.

2008இல் நகர நிர்வாகமும் டிராம் நிறுவனமும் வெளியிட்ட கணக்கின்படி, 1997 முதல் பாதையிலிருந்து இரண்டு தெருக்கட்டத் தொலைவுக்குள் 3.5 பில்லியன் டாலர் முதலீடும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் எழுந்தன. 57 மில்லியன் விதைத்து 3.5 பில்லியன் அறுவடை என்னும் இந்த எண்ணே நாடெங்கும் பரவியது. வரலாற்றாய்வில் இங்கே நிதானம் தேவை. அதே காலத்தில் அதே இடத்தில் வேறு பலவும் நடந்தன. மேம்பாலம் அகன்றது, பூங்காக்கள் வந்தன. மறுசீரமைப்பு நிதி பாய்ந்தது, வரிச்சலுகைகள் அளிக்கப்பட்டன. 1999இல் மூடப்பட்ட பழைய மதுவடிசாலை ஒன்றின் நிலத்தில் புதிய கட்டடங்கள் எழுந்தன. அமெரிக்க நகர மையங்கள் பலவற்றிலும் அப்போது குடியிருப்புக் கட்டுமானம் ஏறுமுகத்தில் இருந்தது. இவற்றிலிருந்து டிராமின் தனிப்பங்கைப் பிரித்தெடுப்பது எளிதன்று. டிராமை நாடிக் கட்டடம் வந்ததா, கட்டடம் வரவிருந்த இடத்தை நாடி டிராம் சென்றதா என்னும் வினாவுக்கு 1997 உடன்படிக்கையே பாதி விடையளிக்கிறது. இரண்டும் ஒரே பேரத்தின் இரு உறுப்புகள். ஒன்றை மற்றொன்றின் காரணமாகக் காட்டுவது பேரத்தை மறைத்துவிடுகிறது.

போக்குவரத்து நோக்கிலிருந்து எழுந்த விமர்சனமும் வலுவானது. போர்ட்லண்டைச் சேர்ந்த போக்குவரத்து ஆலோசகர் ஜாரெட் வாக்கர் 2009 முதல் முன்வைத்த வாதம் எளியது: மற்ற வாகனங்களோடு ஒரே தடத்தில் செல்லும் டிராம், அதே வழியில் செல்லும் பேருந்தைவிட எவரையும் விரைவில் கொண்டுசேர்ப்பதில்லை. பேருந்து தடையைச் சுற்றிச் செல்லும், டிராமால் அது முடியாது. கோணலாக நிறுத்திய ஒரு காரே அதை நிறுத்திவிடும். ஆதரவாளர்கள் இதை மறுக்கவில்லை. வேகம் தங்கள் நோக்கமன்று, நடந்து செல்வோருக்குத் துணையாக இருப்பதே நோக்கம் என்றனர். இவ்விரு தரப்பும் ஒன்றோடொன்று மோதவேயில்லை. ஒன்று பயணத்தைப் பற்றிப் பேசியது, மற்றது இடத்தைப் பற்றிப் பேசியது.

அரசின் கொள்கை இரண்டாம் தரப்பை நோக்கி நகர்ந்தது. 2009இல் போர்ட்லண்டின் கிழக்குக் கரை விரிவாக்கத்துக்குக் கூட்டாட்சி அரசு 75 மில்லியன் டாலர் அறிவித்தது. 2010 ஜனவரியில், பயண நேரச் சேமிப்புக்கு முதன்மை தந்த முந்தைய மதிப்பீட்டு விதி தளர்த்தப்பட்டு, வாழ்தகவும் பொருளாதார மேம்பாடும் அளவுகோல்களில் சேர்க்கப்பட்டன. சியாட்டல் 2007இலேயே பாதை திறந்திருந்தது. டூசானும் அட்லாண்டாவும் 2014இலும், வாஷிங்டன், கான்சஸ் சிட்டி, சின்சினாட்டி ஆகியவை 2016இலும், டெட்ராய்ட் 2017இலும் தொடர்ந்தன. வர்ஜீனியாவின் ஆர்லிங்டன் மாவட்டம் கடும் எதிர்ப்பின் காரணமாக 2014இல் தன் திட்டத்தைக் கைவிட்டது. போர்ட்லண்டின் வண்டியையும் தண்டவாளப் பலகையையும் விளம்பர எண்ணையும் இறக்குமதி செய்வது எளிதாயிருந்தது. ஏக்கருக்கு 15, 87, 109, 131 என்னும் படிக்கட்டை, அதாவது தண்டவாளத்துக்கு முன்பே நிலத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தை, இறக்குமதி செய்வது அவ்வளவு எளிதன்று. அதற்கு ஒரே கையில் குவிந்த காலி நிலமும், பேரம் பேசும் வலிமையும் விருப்பமும் உள்ள நகர நிர்வாகமும் ஒரே நேரத்தில் அமையவேண்டும்.

ஒப்பந்தம் எவ்வளவு பெற்றது என்பதோடு, எதைப் பெறத் தவறியது என்பதையும் கேட்கவேண்டும். அடர்த்தி இலக்கு நிறைவேறியது. ஆனால் அதே உடன்படிக்கையில் இன்னொரு இலக்கும் இருந்தது: கட்டப்படும் வீடுகளில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்த, நடுத்தர வருவாயினருக்குக் கட்டுப்படியாக வேண்டும். அது முழுமையாக எட்டப்படவில்லை. டிராமையும் பூங்காவையும் பொறுத்தவரை உறுதிமொழி எந்திரம்போல் இயங்கியது. ஒரு படி நடந்தால் அடுத்த எண் தானாக உயர்ந்தது. வாடகையைப் பொறுத்தவரை அத்தகைய தானியங்கித் தன்மை இல்லை. மாநிலச் சட்டமும் துணை நிற்கவில்லை. புதிய கட்டடங்களில் ஒரு பங்கைக் குறைந்த விலையில் விற்கவேண்டும் என நகரங்கள் கட்டாயப்படுத்துவதை ஓரிகன் 1999இல் தடைசெய்தது. 2016இல்தான் அத்தடை தளர்ந்தது. பேர்ள் வட்டாரம் வளர்ந்த காலம் ஏறத்தாழ முழுவதும் அந்தத் தடையின் காலமே. மறுசீரமைப்பு நிதியில் 30 விழுக்காட்டைக் குறைந்த வருவாயினரின் வீட்டுவசதிக்கு ஒதுக்கும் கொள்கையை நகரம் 2006இல் ஏற்றபோது, நிலத்தின் விலை ஏற்கெனவே உயர்ந்துவிட்டிருந்தது.

இக்கேள்வி இன்னும் கூர்மையாவது கிழக்குக் கரையில். 2012 செப்டம்பர் 22 அன்று திறக்கப்பட்ட விரிவாக்கம் பிராட்வே பாலத்தின் வழியாக ஆற்றைக் கடந்தது. 1913இல் கட்டப்பட்ட அப்பாலத்தில் 1940 வரை பழைய டிராம் ஓடியது. பாலத்தைக் கடந்ததும் புதிய டிராம் சென்ற நிலம் அல்பைனாவின் தென்விளிம்பு. 1889இல் நகரின் முதல் மின்சார டிராம் தேடிச் சென்ற அதே அல்பைனா. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் போர்ட்லண்டின் கறுப்பின மக்கள் வேறெங்கும் வீடு வாங்க முடியாதபடி நெருக்கப்பட்டு அங்கே வாழ்ந்தனர். 1960இல் திறக்கப்பட்ட நினைவு விளையாட்டரங்குக்காக அங்கே நானூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் இடிக்கப்பட்டன. தொடர்ந்து ஐந்தாம் எண் விரைவுச்சாலையும், 1970களில் மருத்துவமனை விரிவாக்கமும் எஞ்சிய தெருக்களை அழித்தன. தென்கிழக்கே மவுன்ட் ஹூட் விரைவுச்சாலையை நிறுத்தியதாக நகரம் பெருமைகொள்ளும் வரலாற்றுக்கு முன்பே, இங்கே விரைவுச்சாலை தன் வேலையை முடித்துவிட்டிருந்தது. டிராம் திரும்பி வந்தபோது அது யாருக்குப் பயன்பட்டிருக்கக்கூடுமோ அவர்களில் பலர் அங்கில்லை. பேர்ள் வட்டாரத்தின் காலி நிலம் ரயில்வே விட்டுச்சென்றது. இங்கிருந்த காலி இடம் வெளியேற்றத்தால் உண்டானது. இரண்டையும் 'வளர்ச்சிக்குத் தயாரான நிலம்' என ஒரே சொல்லால் குறிக்கும் திட்ட மொழி இந்த வேறுபாட்டைக் காண்பதில்லை.

2015 செப்டம்பரில் ஆற்றின் மீது புதிய பாலம் திறக்கப்பட்டு, டிராம் பாதை இரு கரைகளையும் இணைக்கும் முழு வட்டமாயிற்று. தனியார் கார்களுக்கு அனுமதியில்லாத அப்பாலத்துக்கு டிலிக்கம் என்று பெயர். அப்பகுதியின் பழங்குடிகளும் வணிகர்களும் பொதுவில் பேசிய சினூக் வாவா என்னும் கலப்பு மொழியில் அச்சொல்லுக்கு 'மக்கள்' என்பது பொருள். நிலத்தின் ஆதிக்குடிகளை நினைவூட்டப் பெயர் சூட்டப்பட்டது. நிலத்தின் மதிப்பில் பங்கு தருவதற்குப் பெயர் போதாது.

போர்ட்லண்டின் அனுபவம் டிராமுக்கு ஆதரவான சான்றாகவும் எதிரான சான்றாகவும் மாறிமாறிக் காட்டப்படுகிறது. அது உண்மையில் சான்று பகர்வது ஒப்பந்தங்களைப் பற்றி. பொதுப்பணத்தில் அமையும் தண்டவாளம் அருகிலுள்ள நிலத்தின் மதிப்பை உயர்த்தும் என்பது 1889லேயே தெரிந்த செய்தி. அந்த உயர்வு யாரைச் சேரும் என்பது தண்டவாளம் பதியும் முன்பு எழுதப்படும் சொற்களைப் பொறுத்தது. அடர்த்தி எண்ணாக எழுதப்பட்டது, எனவே கிடைத்தது. கட்டுப்படியாகும் வாடகை இலக்காக எழுதப்பட்டது, எனவே பகுதியளவே கிடைத்தது. அல்பைனாவிலிருந்து வெளியேற்றப்பட்டோரின் உரிமை அந்த உடன்படிக்கைகளில் எழுதப்படவேயில்லை.